ஆழியாறு தாண்டினால் ஏழுதான்

பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்த என் அப்பாவிடம் ஒரு அம்பாசடர் மார்க் 3 இருந்தது. கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் பல வருஷம் ஓட்டிவிட்டுக் கைமாற்றிய வண்டி. இன்ஜின் புகை தள்ளுகிறதா, கியர் நழுவுகிறதா, அடியில் துரு எவ்வளவு என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கினார். மைலேஜ் பற்றி விற்றவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பதை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பா நோட்டுப் போட்டார். பழுப்பு அட்டை, நூலில் கட்டிய பென்சில். தேதி, மீட்டர், லிட்டர், டயருக்குக் காற்றுப் பிடித்த நாள், வண்டியில் எத்தனை பேர் என்று பத்தி பத்தியாக எழுதுவார். டேங்க் நிறைய அடித்து, ஓடி, மறுபடி நிறைய அடித்தால்தான் கணக்கு. அரைகுறையாக அடித்த நாளில் அந்த வரியை வெறுமனே விட்டுவிடுவார். சமவெளியில் லிட்டருக்கு 9 கி.மீ., நல்ல நாளில் 10. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறினால் 7. வியாபாரத்தில் லாரி வாடகை எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியம் அந்த எண்களும். அதை வைத்துத்தான் மேலே போக வேண்டுமா, ஆளை பஸ்ஸில் அனுப்பினால் போதுமா என்று முடிவு செய்வார்.

என்னிடம் இப்போது இருப்பது ஒரு மிட்சைஸ் எஸ்யூவி. பெயரைச் சொல்லப்போவதில்லை. 2012இல் ஒரகடத்திலிருந்து டஸ்டரும் 2015இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிரெட்டாவும் வந்த பிறகு நம் ஊர்த் தெருக்களை நிறைத்த இந்த வகையில், எந்த வண்டிக்காரரிடம் பேசினாலும் கதை ஏறக்குறைய இதுதான். வாங்கும்போது கொடுத்த தாளில் லிட்டருக்கு 17 சொச்சம் என்று அச்சாகியிருந்தது. ஓடும்போது கண்ணெதிரே திரையில் ஒரு தசமத்தோடு மைலேஜ் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்பாவின் முறையில் டேங்க் டு டேங்க் போட்டால் ஊருக்குள் 9, 10. நாலுவழிச் சாலையில் 13. திரை எப்போதும் அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

ஆழியாறு தாண்டினால் 7, சில சமயம் 8.

இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். இரண்டும் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். இரண்டிலும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அம்பாசடரில் அது 50 குதிரைத்திறனைத் தொட்டால் பெரிது. இதில் டர்போவின் தயவில் அதுபோல் மூன்று மடங்கு. அந்த ஏற்றத்தில் அம்பாசடர் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பாதி மலையில் டிரைவர் அண்ணன் ஓரம் கட்டிவிடுவார். "ஏனுங் முதலாளி, வண்டி மூச்சு வாங்குதுங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்று பானெட்டைத் தூக்கிவிட்டு, கேனோடு ஓடைக்கு நடப்பார். இன்றைய வண்டி ஐந்து பேரையும் சுமந்துகொண்டு, ஏசியும் ஓட, ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஏறுகிறது. வேலை எவ்வளவோ கூடுதல். அதைப் பாராட்டத்தான் வேண்டும். என் வருத்தம் 7 கிடைப்பதில் இல்லை. 17 என்று சொல்லிக் கொடுத்ததில்தான்.

அந்த 17 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளில் முதன்மையானது புனேயில் 1966இல் தொடங்கிய ஏஆர்ஏஐ. சோதனைக்கூடத்தில் சக்கரங்களை ரோலர் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையாது. மொத்தம் 1180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் நகர ஓட்டத்தைப்போல நின்று நின்று போகும். ஒரு கட்டத்தில் நின்ற வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. உக்கடத்தில் சிக்னல் விழுந்ததும் அப்படிக் கிளம்பினால் பின்னால் வருகிற டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். மிச்சமுள்ள நேரத்தில் வேகம் கூடும். ஆனால் 90ஐத் தாண்டாது. ஏற்றம் இல்லை, எதிர்காற்று இல்லை, குழி இல்லை, ஏசி அணைந்திருக்கும். சித்திரை வெயிலில் பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற யார் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள்?

இந்தச் சோதனையை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். நாலு வண்டியை ஒரே மாதிரி ஓட்டி ஒப்பிடுவதற்கு அது வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஒப்பிடுவதற்காகப் பிறந்த எண் ஷோரூமில் வாக்குறுதியாக மாறிவிடுகிறது. அந்த வாக்குறுதியை நம்பி மாதாந்திரச் செலவைப் போட்டு, தவணைக்குக் கையெழுத்துப் போடுகிற குடும்பங்கள் ஏராளம். மாதம் 1000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 17 கிடைத்தால் 59 லிட்டர் போதும். 10 கிடைத்தால் 100 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் மாதம் 4000 ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது. பிள்ளையின் டியூஷன் பணம் அது.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "முதல் சர்வீஸ் முடியட்டும் சார், செட் ஆயிடும்" என்றார்கள். முடிந்தது. "டிரைவிங் ஸ்டைல் சார்" என்றார்கள். பிறகு, "இப்ப பெட்ரோலே அப்படித்தான் சார் வருது." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். வேகமும் காரணம். 80இல் போகிற வண்டி 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உயரமும் அகலமுமாக முகம் கொண்ட எஸ்யூவிக்கு அந்த அடி இன்னும் பலமாக விழும். சின்ன இன்ஜினில் டர்போ வைத்தால், மெதுவாக ஓட்டும்வரை சிக்கனம். ஏற்றத்திலும் ஓவர்டேக்கிலும் மிதித்தால் பெரிய இன்ஜின் குடிப்பதையே குடிக்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் விற்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லையே. வாங்கிய பிறகு எல்லாக் காரணமும் ஓட்டுகிறவன் தலையில்தான் வந்து விழுகிறது.

மைலேஜுக்காவது தாளில் ஒரு எண் இருக்கிறது. வண்டி வளைவில் எப்படி நிற்கும் என்பதற்கு அதுகூட இல்லை. ரோலர் மேல் ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை அல்லவா? மோதினால் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. நல்ல காரியம். மோதாமல் தப்பிக்கும்போது வண்டி சொன்னபடி கேட்குமா என்பது வாங்குகிறவர் கண்ணில் படும்படி எங்கும் எழுதப்படவில்லை.

அம்பாசடரின் ஸ்டியரிங் கனமாக இருக்கும். நிறுத்தத்தில் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்ய வேண்டும். ஆனால் சாலையில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் கைக்கு வந்து சேரும். முன் டயர் எங்கே இருக்கிறது, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். பின்னால் லீஃப் ஸ்பிரிங். வண்டி சாயும், ஆடும். போகிற வேகம் 30, 40 என்பதால் ஆட்டமும் நிதானமாக இருக்கும். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. பார்க்கிங்கில் அது பெரிய வரம், என் அம்மாவின் வயதில்கூட ஓட்டலாம். நாலுவழிச் சாலையில் 100ஐத் தொட்டால் அதே லேசு பயமாக மாறுகிறது.

எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே இறங்கும் ஊர் இது. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இங்கே வெறும் பேச்சு அல்ல. லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில், உயரமான பக்கவாட்டில் காற்று அறைந்து வண்டி ஒரு அடி தள்ளிப் போகிறது. கையில் இருக்கும் ஸ்டியரிங் எந்தத் தகவலும் தருவதில்லை. கண்ணால் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

மலையில் வேறு கதை. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது லோம்ஸ் காட்சிமுனை. வரையாடுகள் சாலையோரச் சுவரிலேயே நிற்கும் இடம். அதற்கு மேலே ஒரு வளைவில், இறங்கிவந்த அரசு பஸ்ஸுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கி மறுபடி உள்ளே திருப்பினேன். வண்டி முதலில் வெளிப்பக்கம் சாய்ந்தது; பிறகு அந்தச் சாய்வு முடிவதற்குள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் இருந்த அத்தை, "கண்ணு, நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். காரணம் எளிது. தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் அடிப்பகுதியை வைத்தால் பாரமும் மேலே போகும், வளைவில் உடம்பு சாயும். சாயாமல் இருக்கச் சஸ்பென்ஷனை இறுக்கினால் வேகத்தடையில் இடுப்பு போகும். இதற்கு மேல் பார்வைக்காக 17, 18 அங்குல அலாய் வீல் போட்டு டயரின் ரப்பர் உயரத்தைக் குறைக்கிறார்கள்; குழியின் அடி நேரே முதுகுக்கு வருகிறது. பெரிய சக்கரம் மைலேஜையும் சேர்த்தே தின்கிறது.

இதற்கும் சர்வீஸ் சென்டரில், "எஸ்யூவின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்ற பதில்தான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் பெரியவர்தான் கேஜை வைத்துப் பார்த்தார். நாலு டயரிலும் காற்றழுத்தம் 40. டிரைவர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று இருந்தது. யார்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதிகம் அடித்து வைப்பார்களாம். டெலிவரியில் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள். "காத்தைச் சரியா வெச்சுட்டு அலைன்மென்ட் பாருங்க, பாதி தொல்லை போயிருங்" என்றார். குதிப்பு குறைந்தது, நேர்கோட்டில் ஓடுவது சீரானது. காற்றில் அலைவதும் வளைவில் சாய்வதும் அப்படியேதான் இருக்கின்றன.

அந்தக் காலமே மேல் என்று சொல்ல வரவில்லை. 1985இல் மதராஸில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் கொண்டுவந்தது. பார்த்தால் கண் விரியும். இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 உடம்பு. நம் சாலைக்காக அதை உயர்த்தினார்கள், உள்ளே பழைய இரண்டு லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். கனமான உடம்பு, மந்தமான ஓட்டம், பெட்ரோல் தாகம். சில வருஷங்களிலேயே அடங்கிப்போனது. அம்பாசடரில் இறக்கத்தில் டிரம் பிரேக் சூடாகி நாறும்போது, நான் பின்சீட்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவன். இன்றைக்கு வழுக்கும்போது தானாகவே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிற ஈஎஸ்சி இருக்கிறது. ஆறு ஏர்பேக் இருக்கிறது. என் பேரக்குழந்தைகளை எந்த வண்டியில் ஏற்றுவேன் என்று கேட்டால் யோசிக்காமல் இதில்தான்.

அதனால்தான் கேட்கிறேன். 1997இல் சுவீடனில் ஒரு பத்திரிகை, மெர்சிடிஸின் ஏ-கிளாஸ் காரைச் சட்டென்று ஒடித்துத் திருப்பிச் சோதித்தபோது அது கவிழ்ந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. நிறுவனம் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, அந்த மாடல் முழுவதற்கும் ஈஎஸ்சி பொருத்திக் கொடுத்தது. அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளிலிருந்து கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் எண்ணுக்கு ஏசியையும் குளிரையும் அதிவேகத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். 2013இல் ஃபோர்டு அங்கே விற்ற சி-மேக்ஸ் ஹைப்ரிட்டுக்குப் போட்ட கேலனுக்கு 47 மைல் என்பதை 43 ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்குப் பணமும் கொடுத்தது. வெளிப்படையாக அளந்தால் தயாரிப்பவர்கள் திருத்திக்கொள்கிறார்கள். நம் தொழிற்சாலைகளால் முடியாத காரியம் அல்ல. உலகம் முழுவதற்கும் இங்கிருந்துதானே கார் போகிறது?

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்கிப் பாருங்கள். பின்சீட்டில் இருந்தவரிடம் கேளுங்கள். அதே வண்டியை ஒரு வருஷம் ஓட்டியவரைத் தேடிப்பிடித்து, டேங்க் டு டேங்க் கணக்கைக் கேளுங்கள்.

அளப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது அச்சிடும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏசி போட்டு, ஆள் ஏற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்த எண்ணையும் அதே அளவு எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். சட்டென்று ஒடித்தால் எந்த வேகம்வரை வண்டி கவிழாமல் நிற்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மைலேஜ் 17 ஆக இல்லாமல் 11 ஆக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தே வாங்குகிறோம்.