பால்மரத் திணையில் விறகு: ஓர் ஆராய்ச்சி முன்னோட்டம்

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள். பிற்காலத்தில் கனடாவுக்கும் நார்வேக்கும் போய்க் குளிரில் நடுங்கியவர்கள், பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே கப்பலேறி வந்து மலாயாவின் ரப்பர்க் காட்டில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு ஒரு திணை ஒதுக்கவேண்டும் என்று எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பழியைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பால்மரமும் பால்மரம் சார்ந்த இடமும் ஏழாம் திணை என இதனால் அறிவிக்கப்படுகிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் எல்லாவற்றையும் முன்னோர் பங்கு போட்டுக்கொண்டுவிட்டதால், இத்திணைக்கு உரிப்பொருளாக மிஞ்சியது விறகு பொறுக்கல்.

ஆய்வுக்களம் தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்கு வடகிழக்கே, கிந்தா ஆற்றோரத்தில் இருக்கும் ஊர். 1911 முதல் இங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், மலேசியாவில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னவனை எதிரில் இருப்பவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பது மரபு. ‘உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்’ என்பது ஜோகூர் வரைக்கும் செல்லுபடியாகும் வசவு. நோயாளிகளை மட்டம்தட்டும் அந்தப் பழைய வேடிக்கையை யாரேனும் இக்கட்டுரையின் மீது பிரயோகிக்கலாம். ஆனால் ஆய்வுலகில் அது மறுப்பாகக் கொள்ளப்படாது.

1. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் நார்வேக்காரர்கள் நம்மை முந்திவிட்டார்கள். லார்ஸ் மிட்டிங் என்பவர் 2011-இல் விறகு வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, காயவைப்பது பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது விற்றுத் தீர்ந்தது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி ஓர் இரவு 12 மணி நேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. அதில் பெரும்பகுதி, கணப்பில் கட்டை எரிவதை அப்படியே காட்டியதுதான். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுக்கும்போது மரப்பட்டை மேலே இருக்கவேண்டும் என்று ஒரு கட்சியும், கீழே இருக்கவேண்டும் என்று ஒரு கட்சியும் தொலைக்காட்சி நிலையத்துக்குச் சண்டைச் செய்திகள் அனுப்பினார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது? வடகலை, தென்கலை இருக்கிறது. விறகில் மேற்பட்டை, கீழ்ப்பட்டை இல்லை. வெட்கக்கேடு.

2. முதற்பொருள்: பொழுது

வெண்பனி விழாத ஊரில் விறகுக்குப் பருவம் ஏது என்று கேட்கலாம். இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் பால்மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பிரேசில் காட்டிலிருந்து வந்த மரம். வறட்சி தட்டினால் அப்படித்தான் செய்யும். வெள்ளைக்கார துரைமார்கள் தங்கள் ஊர் நினைப்பில் இதற்குக் குளிர்காலத்தின் பெயரையே வைத்தார்கள். வெயிலோ மண்டையைப் பிளக்கும். கணுக்கால் புதையச் சருகு கிடக்கும். பாலும் குறைந்துவிடும். பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும்.

குளிர்நாட்டு உழவர் விறகு வெட்டப் போவது வயலில் வேலை இல்லாத பனிக்காலத்தில். தோட்டத்து ஆட்கள் கத்தியை எடுத்தது பால் வற்றிய இந்த இலையுதிர் காலத்தில். இரண்டு திணைக்கும் இலக்கணம் ஒன்றே: கூலி குறைந்த நாளே விறகு நாள். காய்ந்த சுள்ளி கையால் ஒடித்தாலே டப்பென்று முறியும். ஆகவே மார்ச்சில் சேர்த்தது, அக்டோபர், நவம்பர் அடைமழையில் அடுப்புக்குப் போகும். தீபாவளிக்கு முறுக்கு சுட ஈரக் கட்டையோடு மல்லுக்கட்டும் வீடு, மார்ச்சு மாதத்தில் தூங்கிய வீடு.

இதற்குப் பௌதிகச் சான்றும் உண்டு. நம் ஊர் வெக்கையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேல் செலவழித்தால்தான் அது முழுக்க ஆவியாகும். பச்சை மரத்தில் எடையில் பாதிக்குக் கிட்ட நீர். அதை எரிப்பவர் உலையைக் கொதிக்கவைப்பதற்கு முன் மரத்தைக் கொதிக்கவைக்கிறார்.

3. கருப்பொருள்

தெய்வம்: முனீஸ்வரர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன். பறை: விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, அடிக்கும் மணி. உணவு: சோறு, கருவாடு. விலங்கு: அட்டை, கொசு, விறகுக்கு அடியில் குடியிருக்கும் நட்டுவாக்காலி. மரம்: ஒன்றே ஒன்று.

அந்த மரத்தின் வரலாறு பேராக்கிலேயே தொடங்குகிறது எனலாம். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை வளர்த்தார். பால்மரம் 25, 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் விறகைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். வெட்டிய சில நாட்களுக்குள் பதப்படுத்தாவிட்டால் நீலப் பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆகவே ஆயுள் முழுக்கப் பால் கொடுத்த மரம் கடைசியில் அடுப்புக்குப் போனது. பென்ஷன் இல்லாத உத்தியோகம்.

ஆலையிலும் அதே கதைதான். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில், சுமார் 60 பாகை செல்சியஸ் சூட்டில் நாலைந்து நாள் இரவும் பகலும் எரிந்தது பால்மர விறகுதான். மரத்தின் பாலை மரத்தின் கட்டையாலேயே வாட்டினார்கள்.

துணைப்பொருள்களில் ஒட்டுப்பால் முதன்மையானது. பால் பிடிக்கும் மங்கில் ஒட்டிக் காய்ந்த அந்தத் துணுக்கு ஒன்று போதும், மழை நாளிலும் அடுப்பு பற்றிக்கொள்ளும். கரும்புகையும் நாற்றமும் இலவசம். ஒட்டுப்பால் தோட்டத்தின் சொத்து. வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. இருந்தும் எல்லா அடுப்பும் எப்படிப் பற்றியது என்பதை எதிர்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

4. சுமை இயல்

பனிநாட்டில் விறகை இழுப்பது எளிது. தரை வழுக்கும், கட்டையைச் சறுக்குவண்டியில் ஏற்றிக் குதிரையைப் பூட்டினால் போதும். பால்மரத் திணையில் வழுக்குவது தரையல்ல, ஆள். மலைச்சரிவில் படிக்கட்டு போல வெட்டிய நிரைகள், நிரைக்கு நிரை இறக்கம், குறுக்கே வாய்க்கால், அதன்மேல் பாசி பிடித்த ஒற்றைப் பலகை. குதிரைக்கு இங்கே வேலையில்லை. ஆகவே வாகனம் மூன்று வகைப்படும்.

தலை: பெண்களுக்குரியது. பழைய கைலியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, இன்னொருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடும் கடைசி ஆளுக்கு யார் தூக்கிவிடுவார்? இந்த நுட்பமான சிக்கலுக்கு, சுமையை இடுப்புயர மரக்கட்டையில் சாய்த்து வைத்துத் தலையைக் கொடுத்து எழும்புவது தீர்வாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவளுக்கு விருது எதுவும் தரப்பட்டதாகத் தெரியவில்லை.

தோள்: பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பே விறகுக்கும் உதவும். இரு முனையிலும் எடை சமமாக இல்லாவிட்டால் ஆள் தானாகவே ஒரு பக்கம் திரும்புவான்.

சைக்கிள்: ஆண்களுக்குரியது. ஏறி மிதிக்க முடியாத அளவுக்குக் கட்டையை ஏற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டே வருவது. அப்படித் தள்ளிவந்தவர் கோப்பிக்கடைப் பக்கமாகச் சுற்றி வந்தால், விறகு பின்னால் வரும், செய்தி முன்னால் போய்விடும்.

இவ்வியலில் ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி, இங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்ட லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, வெளியே போகிறவர்களை அரிசிக்காகச் சோதனை போட்டார்கள். ஊரடங்குக்கு முன் வேலிக்குள் வந்துவிடவேண்டும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விறகுச் சுமையோடு நேரமும் ஒரு சுமையாக ஏறிக்கொண்டது.

5. அடுக்கு இயல்

இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இங்கே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று, ஆபீசில் கிராணி எழுதும் கூலிப் பதிவேடான செக்ரோல். மற்றொன்று, வாசல் தாழ்வாரத்தில் நிற்கும் விறகு அடுக்கு. முதலாவதைப் பூட்டி வைப்பார்கள். இரண்டாவதை லயமே வாசிக்கும்.

எடுத்துக்காட்டாக ஓர் அடுக்கை நெருங்கிப் பார்ப்போம். கீழே நாலு செங்கல், கரையான் ஏறாமலிருக்க. அதன்மேல் பிளந்த தடிக்கட்டை, ஒரே முழ நீளம். அதற்குமேல் கைப்பருமன் கிளை. உச்சியில் சுள்ளிக்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே பழைய தகரம், தகரம் பறக்காமலிருக்க ஓர் அம்மிக்கல் உடைசல். வெட்டுவாய்களெல்லாம் ஒரு சுவர்போல வெளியே தெரியும். இப்படி அடுக்கத் தெரிந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று கிழவிகள் முடிவு கட்டுவார்கள். நீளமும் குட்டையுமாகக் குவிந்து கிடந்தால், அந்த வீட்டு ஆம்பிளை சம்பள நாளில் எங்கே போகிறான் என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. அடுக்கு திடீரென்று பெருத்தால் கல்யாணம், அல்லது திருவிழா. ஒரே நாளில் பாதியாகிவிட்டால் வீட்டில் ஒரு சாவு. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணி காயவைத்திருக்கிறார்கள்.

அடுக்கின் அருகில் மழைக்கு முன் எழும் குரலையும் பதிவு செய்யவேண்டும்:

“டேய், மானம் கறுத்துக்கிட்டு வருது, வெறக உள்ள தூக்கிப் போடுடா!”

“தோ போடுறேன் பாட்டி.”

“எப்ப? நனைஞ்ச பொறவா?”

இந்த உரையாடலுக்குப் பாடபேதம் இல்லை. எல்லாத் தோட்டத்திலும் இதே வரிசைதான். பையன் ‘தோ’ என்று சொன்னதற்கும் எழுந்ததற்கும் நடுவில் மழை வந்துவிடும்.

பட்டை வழக்குக்கும் இங்கேயே தீர்ப்பு சொல்லிவிடலாம். தாழ்வாரத்துக்குள் இருக்கும் கட்டைக்குப் பட்டை எந்தப் பக்கமானாலும் ஒன்றே. வெளியே கிடக்கும் கட்டைக்குப் பட்டை மேலே இருக்கவேண்டும். மழை வழிந்து ஓடிவிடும். நார்வே இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

6. எதிர்வாதங்களும் மறுப்பும்

‘இதெல்லாம் பழங்கதை, இப்போது கேஸ் தோங் இருக்கிறதே’ என்பார் ஒருவர். இருக்கிறது. 14 கிலோ தோங், அரசாங்கக் கட்டுப்பாட்டு விலை 26 ரிங்கிட் 60 காசு. சோறு சீக்கிரம் வேகிறது, கண் எரியவில்லை, பாத்திரம் கறுக்கவில்லை. புகை தின்று இருமியவர்களைக் கேட்டால் விறகடுப்பை யாரும் திரும்ப அழைக்கமாட்டார்கள். நாமும் அழைக்கவில்லை. ஆனால் தோங்கை மூடி போட்டுச் சமையலறை மூலையில் ஒளித்து வைக்கிறோம். பக்கத்து வீட்டில் எரிவாயு தீர்ந்ததா, கூலி தீர்ந்ததா என்று நமக்குத் தெரிவதில்லை.

‘அந்த மரத்தை எரித்தது வீண்’ என்பார் இன்னொருவர். இதில் உண்மை இருக்கிறது. பூச்சிமருந்து ஏற்றி உலர்த்தும் வித்தை கைவந்தபின், 1980-கள் முதல் பால்மரம் மேசை நாற்காலிக்குப் போகிறது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி அதுதான். தாத்தா வெட்டிய மரத்தின் வாரிசு அமெரிக்காவில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. அதே சமயத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்து ஆட்கள் டவுனுக்கும் தாமானுக்கும் போனார்கள். மரத்துக்கு மரியாதை வந்தபோது, அதைத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

7. முடிபு

தோட்டக் கணக்கில் பால் எத்தனை பவுண்டு என்று எழுதினார்கள். ஒட்டுப்பால் எவ்வளவு, உரம் எவ்வளவு, துரை பங்களாவுக்கு எத்தனை பல்பு என்றுகூட எழுதியிருப்பார்கள். பால்வெட்டுக்காரியின் வீட்டில் சோறு பொங்க எத்தனை சுமை விறகு வந்தது, அதை யார் சுமந்தார் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டம் கிடையாது. காலை நாலு மணிக்கு எழுந்து உலை வைத்து, பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, எடை போட்டு, திரும்பும் வழியில் சுள்ளி பொறுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தவள் ஒருத்தியே. தோளில் பால் தூக்கியதற்குக் கூலி உண்டு. தலையில் விறகு தூக்கியதற்கு இல்லை. அந்தத் தலைச்சுமை இல்லாமல் மறுநாள் பால்வெட்டும் இல்லை. மலாயாவின் ரப்பர்ப் பொருளாதாரம் சம்பளமில்லாத விறகின்மேல் வெந்த சோற்றில் நடந்தது என்பதே இவ்வாய்வின் முடிபு.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி ஒருத்தி இன்னும் இருந்தால், அவரிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டாதீர்கள், சிரிப்பார். ஒரு சுமையில் எத்தனை கட்டை, எவ்வளவு தூரம், யார் தூக்கிவிட்டார் என்று கேட்டு எழுதிவையுங்கள். நேரம் அதிகமில்லை.