மாமாவுக்கு, கில்டேர் தொளியிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

"அயர்லாந்து வரைக்கும் போயி குதிரைச் சாணிதானா அள்ளுதான்?" என்று அத்தை போனில் கேட்டார்கள். ஆமாம், அள்ளுகிறேன். ஆனால் யூரோவில் அள்ளுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே பிப்ரவரி 1-ம் தேதியே வசந்தம் பிறந்துவிட்டதாகக் கணக்கு. அன்றைக்குப் புனித பிரிஜிட் நாள். அந்த அம்மாள் இந்தக் கில்டேர்க்காரர். 2023-லிருந்து அதற்கு அரசு விடுமுறையும் விடுகிறார்கள். வானத்துக்கு மட்டும் இன்னும் சர்க்குலர் போய்ச் சேரவில்லை. விடாமல் பெய்கிறது.

எனக்கென்ன, சகதி புதுசா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஆறு வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியதை எல்லோரும் சேர்ந்துதானே வழித்தோம். அது வந்தது, போனது. இந்த ஊர்ச் சகதி ஐப்பசியில் வந்து பங்குனி வரைக்கும் குடியிருக்கிறது. அரை டன் குதிரைகள் தீவனம் எப்போ வரும் என்று பட்டி வாசலிலேயே நின்று மிதித்தால் பிறகு எப்படி இருக்கும்? கால் வைத்தால் பூட்ஸ் தொளியிலேயே தங்கிவிடும், கால் மட்டும் சாக்ஸோடு மேலே வரும். ஒற்றைக்காலில் நான் தவம் செய்துகொண்டிருக்க, குதிரை நிதானமாக வந்து என் தொப்பியைக் கவ்விக்கொண்டு போகும்.

சகதியில் ஊறிய குதிரைக் காலில் கிருமி புகுந்து புண் வைத்துவிடும். தினம் கழுவிக்கொண்டிருந்தால் தோல் இன்னும் ஊறும். அதனால் சேற்றைக் காயவிட்டு, பிறகு பிரஷ் போட வேண்டுமாம். "எப்போ காயும்?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "மே மாதம்" என்றார்.

இந்தத் தொளிக் காலத்தில்தான் குதிரைப் பிரசவமும். பந்தயக் குதிரை இங்கே எப்போது பிறந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். அதனால் வருஷத் தொடக்கத்திலேயே குட்டி விழ வேண்டும் என்று 11 மாதத்துக்கு முன்பே நாள் பார்த்துவிடுகிறார்கள். ராத்திரியெல்லாம் லாயத்தில் எனக்குக் காவல்.

உங்களுக்கென்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது மாமா! விளையாட்டில்லை, சட்டம். போட்டோ கிடையாது. அச்சடித்த குதிரை உருவத்தில் டாக்டர் வெள்ளை மறுவைச் சிவப்பு மையால் வரைவார், சுழி இருக்கும் இடத்தில் கறுப்புப் பெருக்கல் குறி போடுவார். ஆமாம், மாட்டுத் தரகரிடம் நீங்கள் காட்டி விலையைக் குறைப்பீர்களே, அதே சுழிதான். ஆனால் எது குடிகெடுக்கும் சுழி என்று இவர்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்தால் பாதிக் குதிரையை வாசலோடு திருப்பிவிடுவீர்கள். கழுத்தில் சிப், அதற்கு 15 இலக்க எண். தடுப்பூசித் தேதிக்குத் தனிப் பக்கம். இதை மனிதர் சாப்பிடலாமா கூடாதா என்பதற்கும் ஒரு பக்கம்! என் பாஸ்போர்ட்டில் அதை மட்டும் கேட்கவில்லை.

குதிரை வண்டியேறினால் பாஸ்போர்ட்டும் ஏற வேண்டும். ஒருநாள் சினைக் குதிரை ஒன்றைப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பினார்கள். தூரம் என்னமோ நம்ம ஊருக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் உள்ளதுதான். டிரைவர் பாதி வழியில் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் போனார். நான் அதை எடுத்து வரும்வரை வண்டியிலிருந்து அந்தக் குதிரை என்னை இமிகிரேஷன் அதிகாரியாகவே நினைத்து முறைத்தது.

ஜாதகமும் உண்டு. பக்கத்தில் டல்லி என்ற இடத்தில் இன்று அரசின் குதிரைப் பண்ணை இருக்கிறது. 1900-ல் அந்த நிலத்தை வாங்கிய வில்லியம் ஹால் வாக்கர், பிறந்த குட்டிக்கெல்லாம் ஜாதகம் கணித்தவர். நிலா, நட்சத்திர ஒளி விழட்டும் என்று லாயக் கூரையில் கண்ணாடி வைத்தார். அவர் வளர்த்த மினோரு, 1909-ல் ராஜா ஏழாம் எட்வர்டுக்காக ஓடி டெர்பி ஜெயித்தது. நம்ம ஜோசியரிடம் சொல்லுங்கள், இங்கே வேலை இருக்கிறது.

நமக்கும் குதிரை புதுசில்லை. 700 வருஷத்துக்கு முன்னால் அரபுக் குதிரைகள் நம்ம ஆற்று முகத்துக் காயலில்தான் வந்து இறங்கின. நம்மாட்கள் பராமரிக்கத் தெரியாமல் சோற்றோடு கறியும் போட்டுச் சாகடிக்கிறார்கள், லாடக்காரர் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! அந்தப் பழி இப்போது என் தலைமுறையில் கழிகிறது. நான் இரவில் எழுந்து போர்வை போர்த்திய குட்டி ஒன்றுகூட இந்தப் பருவத்தில் சாகவில்லை மாமா. முதலாளியே கைகொடுத்தார்.

ஆனால் எனக்கு இங்கே தங்குவதற்கான அட்டை புதுப்பிக்கப் போய் மாசக்கணக்காகிறது. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான். குதிரைக்கு எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது, அதற்குத் தவிடு வைக்கிறவனுக்கு இல்லை. வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில், ஆச்சியின் வருஷ திதிக்கும் வர முடியவில்லை. அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சித்திரை 6-ம் தேதி காலையில் நம்ம கோயிலில் கள்ளபிரான் பாதத்தில் வெயில் விழும்போது அங்கே இருப்பீர்கள்தானே? என் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள், அட்டை சீக்கிரம் வரட்டும். குதிரைகளுக்கு வேண்டாம், அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்