பழங்கணினி மேம்பாட்டியல்: கிள்ளான் வட்டார வழக்கும் 500 வெள்ளியும்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது நம் மரபில்லை. சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் வேண்டும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். அவற்றை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஆக்கியோன், மாதச் சம்பளத்தில் வாழ்பவன். வழி, யூடியூப் மச்சானுக்குச் சொல்லி, மச்சான் ஆக்கியோனுக்குச் சொன்னது. எல்லை, வடக்கே காப்பார், தெற்கே பந்திங், மேற்கே கிள்ளான் துறைமுகம், கிழக்கே புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, நூற்பாவும் உரையும். நுதலிய பொருள், வயதான கேமிங் கணினியை 500 வெள்ளிக்குள் இளமையாக்குவது. கேட்போர், 2014 வாக்கில் கணினி வாங்கி இன்னும் அதை வைத்தே ஓட்டுவோர். பயன், பணம் மிச்சமாகும் என்று உறுதி சொல்வதற்கில்லை. போன பணம் எந்த வழியாகப் போனது என்பது விளங்கும்.

500 என்ற எண்ணுக்கும் காரணம் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு 500. வீட்டில் சண்டை வராமல் கையைவிட்டுப் போகக்கூடிய பெருந்தொகை இதுவே என்பது ஆக்கியோன் துணிபு.

ஆய்வுப் பொருள்

கிள்ளான் வட்டார வீடுகளில் இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஓர் இனத்தை மாதிரியாகக் கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். பிராசஸரும் கார்டும் 2014-இல் பிறந்தவை. டோட்டா 2 ஆட சைபர் கஃபேக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்த தலைமுறை, 'இனி வீட்டிலேயே' என்று பெருமையோடு வாங்கிய பெட்டி இது.

இந்த வகைப் பிராசஸரின் உலோக மூடியைத் துடைத்துப் பார்த்தால் பலவற்றில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதல் ஆலையைத் திறந்தது 1972-இல், பினாங்கில். பிற்பாடு கூலிமிலும் வந்தது. ஆகவே நம் ஆய்வுப் பொருள் மண்ணின் மைந்தன்தான். தள்ளுபடி மட்டும் கிடையாது.

அதற்கு வந்த நோய்கள் இரண்டு. 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்து பழைய ஆட்டத்தின் இடத்தைப் பிடித்தது, பெட்டிக்கு மூச்சிரைத்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி உள்ளே விடும். நான்காம் தலைமுறைக்காரர் வாசலில் நிற்கிறார்.

முன்னோர் மதங்கள்

இத்துறையில் மூன்று மதங்கள் வழங்கி வருகின்றன.

முதலாவது அம்மா மதம். "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அப்புறம் என்னத்துக்கு?" என்பதே இதன் ஒற்றை வாக்கியம். இதை மறுத்து வென்றவர் யாருமில்லை. ஆகையால் ஆய்வாளர்கள் மறுப்பதில்லை. அம்மா தூங்கிய பிறகு பார்சலைப் பிரிக்கிறார்கள்.

இரண்டாவது மச்சான் மதம். "இதுக்குப் போய் காசைக் கொட்டாதடா, புதுசாவே கட்டிடு" என்பது இவர் கொள்கை. மச்சானின் கணினி புதியது. அவர் கடனும் புதியது.

மூன்றாவது கடைக்காரர் மதம். இது விடை எதுவும் சொல்லாது, கேள்வி மட்டுமே கேட்கும். இதன் ஆழம் மூன்றாம் நூற்பாவில் தெரியவரும்.

நூற்பா 1: தூசி துடைப்பதே தலைமேம் பாடு.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், காசில்லாமல் வேகம் கூட்டும் ஆறு உணர்த்துதல் நுதலிற்று.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினால் முதலில் தெரிவது கணினி அன்று, குடும்ப வரலாறு. பிராசஸர் மேல் உள்ள விசிறியின் அடியில், அலுமினிய இதழ்களுக்கு இடையே தூசி ஒரே பாளமாகப் படிந்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் போட்ட சாம்பிராணிப் புகை அதில் பிசுக்காக ஏறியிருக்கும். மூலையில் பல்லி முட்டையின் ஓடு இரண்டு கிடந்தால் ஆய்வாளர் வியக்க வேண்டியதில்லை. நம் ஊர் ஈரத்தில் வெதுவெதுப்பான, பூனை நுழையாத இடத்தைப் பல்லி விட்டுவிடாது.

விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் அது கையோடு வரும். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழையதைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதியது வைத்து, எதிரெதிர் ஆணிகளாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினால் வேலை முடிந்தது. சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'பழசாகிவிட்டது' என்று நாம் பட்டம் கட்டியதில் ஒரு பங்கு வெறும் காய்ச்சல்.

இவ்வளவு பயன் இருந்தும் இம்மேம்பாட்டை யாரும் விரும்புவதில்லை. என்னை? இதற்கு அட்டைப் பெட்டி கிடையாது. நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்ப முடியாது. துடைத்தேன் என்றால், "இவ்வளவு நாள் துடைக்கலையா?" என்ற கேள்விதான் திரும்பி வரும்.

நூற்பா 2: சுழலும் தட்டை ஒழிப்பது இரண்டாவது.

ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிநொடியை ஒட்டிய நேரம். எஸ்எஸ்டியில் ஓட எதுவுமில்லை. அதே தேடல் ஒரு மில்லிநொடியின் சிறு பகுதியில் முடிகிறது. கணினியைப் போட்டுவிட்டுப் பல் துலக்கி வரும் பழக்கம் இதனால் அழியும். பல்லுக்கு நல்லதா என்பது இந்நூலின் எல்லைக்கு வெளியே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எச்81 சிப்செட் தரும் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம்; மற்ற இரண்டும் பாதி. புது எஸ்எஸ்டியைக் கைக்கு எட்டிய ஓட்டையில் செருகிவிட்டு, "விளம்பரத்தில் சொன்ன வேகம் வரலையே" என்று கடைக்காரரைத் திட்டுவோர் முதலில் மதர்போர்டில் அச்சிட்ட எண்ணைப் படிக்கக் கடவர்.

இதுவரை 500 வெள்ளியில் பெரும்பகுதி சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நூற்பா 3: ஒன்றைப் புதுக்கின் இன்னொன்று பழசாம்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பட்ஜெட் பெருகும் ஆறு உணர்த்துதல் நுதலிற்று.

1967-இல் ஜீன் அம்டால் என்ற கணினி அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு விரைவாக்கினாலும், விரைவாகாத பகுதியே மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டும். அம்டால் இதைப் பெருங்கணினிகளுக்காகச் சொன்னார். கிள்ளானில் இதற்கு ஒரு துணைவிதி சேர்ந்தது: விரைவாகாத பகுதி எதுவென்று கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும்.

களஆய்வுக்காகக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோரெயில் மாறி, இம்பியில் இறங்கி நடக்கிறோம். இடையில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவது ஆய்வுச் செலவில் சேராது. ஆனால் பணம் அதே பணப்பையிலிருந்துதான் போகிறது. லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில், 750 டிஐக்குப் பதிலாக ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் இருக்கிறதா என்று கேட்கிறோம்.

"போஸ், பிஎஸ்யு பெராப்பா வாட்?"

"450."

"எய்ட்-பின் அடா?"

வாங்க வந்தவர் மௌனம். பழைய 750 டிஐ 60 வாட்டில் வாழ்ந்தது. மதர்போர்டு துளை தரும் 75 வாட்டே அதற்குப் போதும். 1660 சூப்பருக்கு 125 வாட் வேண்டும். எட்டு முள் கொண்ட தனி மின்கம்பி வேண்டும். ஆக, கார்டு வாங்க வந்தவர் இப்போது பவர் சப்ளையும் வாங்குகிறார்.

"போலே கூராங்?" என்று விலையைக் குறைக்கக் கேட்கிறார்.

"சுடா ஹார்கா காவான், போஸ்."

முன்பின் பார்த்திராத இருவருக்குள் நட்பு விலை ஏற்படுவது இந்த வட்டாரத்தின் பண்பாட்டுச் சிறப்பு.

பவர் சப்ளையோடு நிற்குமா எனின், நில்லாது. புதிய கார்டு நொடிக்கு 120 சட்டகம் வரைந்தாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ஐத்தான் காட்டும். ஆகவே மானிட்டர் குற்றவாளி. 8 ஜிபி ரேம் போதவில்லை; எச்81-இல் இருப்பதோ இரண்டே துளை, இரண்டிலும் 4 ஜிபி உட்கார்ந்திருக்கிறது. 16 ஆக்க வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி மேசை இழுப்பறையில் போட வேண்டும். அவை மறுபடி வெளியே வந்ததாக வரலாறு இல்லை.

'புதிய கார்டு வாங்கினால் தொல்லையில்லை' என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே தடங்களில் தகவல் அனுப்புவது. நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள போர்டில் அது சமாளிக்கும். எச்81 தருவது இரண்டாம் தலைமுறை. அங்கே அதன் பாதை கால்வாசியாகச் சுருங்கும். ஆட்டம் திக்கித் திக்கி நகரும்போது பழி பிராசஸர் மேல் விழும். பிராசஸர் பழசு என்ற முடிவுக்கு மச்சான் வந்துசேர இதுவே தருணம்.

நூற்பா 4: சாக்கெட் கடந்தால் சட்டைப்பை கிழியும்.

ஐ5-4460 உட்கார்ந்திருப்பது எல்ஜிஏ 1150 என்னும் சாக்கெட்டில். அதே நாற்காலியில் இதைவிடப் பெரியவர் என்றால் ஐ7-4790கே வரைதான். அதற்கு மேல் போக வேண்டுமெனில் பிராசஸர் மாற வேண்டும். அதற்காக மதர்போர்டு மாற வேண்டும். அதற்காக டிடிஆர்3 போய் டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 வர வேண்டும். ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்றிய பின், மிஞ்சுவது பெட்டியும் பல்லி முட்டை ஓடும்தான்.

காலமும் கைகொடுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பசியால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. தெற்கே ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழுகின்றன. வடக்கே கிள்ளானில் ஒருவர் ஒரேயொரு ரேமுக்காகச் சம்பள நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாம் கணக்கு ஒன்று உண்டு. குறைந்தது 50 வெள்ளி என எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அது அவசரத் தேவைகளுக்கென்று வந்தது. கிராபிக்ஸ் கார்டு அவசரத் தேவையா என்று கேட்டால், இரவு 11 மணிக்கு எல்லாமே அவசரத் தேவைதான். விண்ணப்பத்தைக் காலையில் நிரப்புக.

நூற்பா 5: கைமாறிய கார்டின் கதையை நம்பேல்.

2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டால் தோண்டும் முறையைக் கைவிட்டது. உலகெங்கும் இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஒரே நேரத்தில் ஓய்வு பெற்றுச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. தோண்டும் தொழில் நம் நாட்டுக்கும் புதிதன்று. மின்சாரம் திருடி ஓட்டியதால் பிடிபட்ட 1,069 பிட்காயின் இயந்திரங்களை 2021-இல் மிரி காவல்துறை சாலை உருளையை ஏற்றி நொறுக்கியது. அவை வேறு வகை இயந்திரங்கள், நம் கார்டுகள் அல்ல. ஆயினும் அந்தக் காணொளியைப் பார்த்த கேமர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விளம்பரங்களில் எல்லாக் கார்டும் ஒரே வாழ்க்கைதான் வாழ்ந்திருக்கும்: "லைட் யூஸ், மைனிங் இல்லை, வாரக் கடைசியில் மட்டும் ஆட்டம்." பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துக் காசும் பொருளும் கைமாற்றும் சிஓடி வைத்தால் கார்டை எங்கே செருகிப் பார்ப்பது? ஆகவே விற்பவர் வீட்டுக்கே போய், பத்து நிமிடம் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். திருகாணித் தலை தேய்ந்திருந்தால் கார்டைத் திறந்திருக்கிறார்கள். விசிறியை விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுழல வேண்டும். அவர் அம்மா டீ கொடுத்தால் குடிக்கலாம். குடித்த பிறகு விலை குறைத்துக் கேட்பது மட்டும் முடியாத காரியம்.

தடைவிடை

அற்றேல், இத்தனை பாடுபடுவதற்குப் பதில் 500 வெள்ளியைச் சேர்த்து வைத்துப் பின்னர் புதிதாகவே வாங்கலாகாதோ எனின், ஆகாது. சேர்த்து வைத்த 500 வெள்ளி கிள்ளானில் தங்காது. காரின் ரோடு டேக்ஸ், தம்பி மகளின் பள்ளிக் கட்டணம், தெங்கு கிளானா சாலைக் கடைகளில் தீபாவளிக்கு முந்தைய வாரம் எனப் பல வடிகால்கள் உள. பணம் பொருளாக மாறினால்தான் வீட்டில் நிற்கும் என்பது மச்சான் மதத்தின் ஒரே உண்மை.

அற்றேல், எதையும் மாற்றாமல் இருப்பதே சிறப்போ எனின், அது அம்மா மதம். முன்னரே தோற்றோம்.

புறனடை

இந்நூலால் பெறப்படும் முடிவு ஒன்றே. குறைந்த காசில் பழங்கணினியை உயர்த்தப் புகுந்தால் முதலில் உயர்வது பட்ஜெட். அதைத் தடுக்க வேண்டுமானால் தூசியைத் துடைத்து, பேஸ்ட் வைத்து, எஸ்எஸ்டியைச் சரியான துளையில் செருகி, மீதிப் பணத்தோடு எழுந்துவிட வேண்டும்.

நூல் இரண்டாம் நூற்பாவோடு முடிந்திருக்க வேண்டியது. பின்னுள்ள மூன்றும் இடைச்செருகல் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதக்கூடும். நடை வேறுபாடும் செலவு வேறுபாடும் அக்கருத்துக்கு அரணாக உள்ளன. செருகியவர் யாரென்று உறுதியாகச் சொல்வதற்கில்லை, மச்சானாக இருக்கலாம்.