தலை இல்லாத பையனும் பத்து அருவிகளும்

பீவர்ட்டன், ஒரிகன்

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்கு முட்டிவலி தேவலையா? வாட்ஸ்அப்பில் படங்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி எல்லாம் பாலா ஓடுதே, என்னடே தில்லுமுல்லு பண்ணியிருக்க?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் உங்கள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு யாராவது வந்து நிற்பார்கள். அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை சில்வர் ஃபால்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போயிருந்தோம். சேலத்துக்குப் பக்கம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை, இது ஒரிகனின் தலைநகரம். 7.2 மைல் சுற்றுப்பாதையில் பத்து அருவிகள். அதில் நான்குக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். மேலே எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதற்கு அடியில் இருந்த மெத்தென்ற அடுக்கைத் தண்ணீர் அரித்துத் தின்றுவிட்டதால் குகை. வடக்கு அருவிக் குகையின் கூரையில் ஆள் தலை நுழைகிற மாதிரி குழிகள். குழம்பு ஓடிவந்தபோது மரங்கள் நின்ற இடமாம். மரம் எரிந்து போய், அதன் அச்சு மட்டும் பாறையில் நிற்கிறது.

இதெல்லாம் கூட வந்த ஆபீஸ் நண்பர் சொன்னது. அவருக்குப் படம் எடுக்கிற பைத்தியம். காலையில் மேகமூட்டமாக இருந்தது. "கொஞ்சம் வெயில் வந்தால் நன்றாயிருக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வெயில் விழுந்தால் தண்ணீர் வெளுத்துவிடும், காடு கறுத்துவிடும் என்று பாடம் நடத்தினார். ஸ்டாண்டை ஊன்றி, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை ஒரு செகண்ட் திறந்து வைக்கிறார். அந்த ஒரு செகண்டில் விழுந்த தண்ணீர் அத்தனையும் ஒன்றாகக் குழைந்து பாலாகிவிடுகிறது. நீங்கள் கேட்ட தில்லுமுல்லு இவ்வளவுதான்.

பால் தயாராகிறவரை நாங்கள் சாரலில் நிற்க வேண்டும். லென்ஸில் துளி விழும், துடைப்பார், மறுபடி விழும். என் வீட்டுக்காரியின் துப்பட்டா அன்று முழுக்க அவருடைய லென்ஸ் துணி. கடைசியில் அவள் பொறுமை போய், "அருவி எங்கயும் ஓடிறாது, எங்களையும் ஒண்ணு எடுங்க" என்று கேட்டுவிட்டாள். எடுத்தார், அதே ஒரு செகண்ட் கணக்கில். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்து நின்றோம். பையன் நிற்பானா? படத்தில் அவனுக்குச் சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் சுத்தமாக விழுந்திருக்கிறது. தலை இருக்க வேண்டிய இடத்தில் புகை.

அம்மாவிடம் சொன்னபோது முதல் கேள்வி, "குளிச்சியா?" பாதையை விட்டு இறங்கவே கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம் குடும்பத்தில் அருவிக்கு ஸ்வெட்டரும் ஷூவும் போட்டுக்கொண்டு போன முதல் ஆள் நான்தான்.

நான் எழுத நினைத்த சங்கதி வேறு. இந்தப் பூங்கா உண்டானதே உங்கள் தொழில்காரர் ஒருவரால்தான். பக்கத்து ஊரான சில்வர்ட்டனில் படம் எடுத்துப் பிழைத்தவர், ஜூன் டிரேக் என்று பெயர், ஆனால் ஆண்தான். அந்தக் காலத்தில் தெற்கு அருவி ஒரு தனியாருடைய நிலத்தில் இருந்தது. அந்த நிலக்காரர் காசு வாங்கிக்கொண்டு, பழைய கார்களை உச்சியிலிருந்து தள்ளி வேடிக்கை காட்டியிருக்கிறார். 1928ல் ஆல் ஃபாசெட் என்ற சாகசக்காரர் படகோடு 177 அடி கீழே விழுந்து, பிழைத்தும் விட்டார். சுற்றிலும் காட்டை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். டிரேக் மட்டும் படம் படமாக எடுத்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1926ல் தேசியப் பூங்காவாக்கலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். எங்கு பார்த்தாலும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, தகுதியில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். படத்தில் அடிக்கட்டையை ஒதுக்கிவிடலாம். நேரில் வருகிறவர் கண்ணிலிருந்து எப்படி ஒதுக்குவது? 1933ல்தான் மாநிலப் பூங்காவாயிற்று.

பத்தில் ஒரு அருவிக்கு டிரேக் பெயர் வைத்திருக்கிறார்கள். எது தெரியுமா? இருப்பதிலேயே குட்டி, 27 அடி. கல்யாண வீட்டில் அத்தனை பேரையும் எடுத்து முடித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் வாங்கிக்கொள்கிற உங்கள் ஞாபகம் வந்தது. நண்பர் அங்கே ஸ்டாண்டைக்கூட விரிக்கவில்லை. "இதுல ஒண்ணுமில்ல" என்று நடையைக் கட்டிவிட்டார். எனக்கு மனசு கேட்காமல் போனில் எடுத்தேன். மங்கலாகத்தான் இருக்கும். அதையும் அனுப்புகிறேன்.

பையனுக்குத் தலை ஒட்ட முடியுமா என்று பாருங்கள். போன தீபாவளிப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் அழுதுகொண்டிருப்பான், பரவாயில்லை. அக்காவுக்குத் தெரிய வேண்டாம், தலை இல்லாமல் படம் எடுத்தால் ஆகாது என்று விரதம் இருக்க ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்