டூப்ளேயின் பல்லைப் பிடுங்கிய கதை

2012இல் இந்தியாவுக்கு வந்த பிஎஸ் வீட்டாவில் 'அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3' ஆடியவர்களுக்கு ஃபீனிக்ஸைத் தெரியும். ஊதினால் விழுவாள். ஆனால் ஹைப்பர் மீட்டர் ஐந்து கட்டமும் நிரம்பியிருக்கும்போது விழுந்தால், டார்க் ஃபீனிக்ஸாக எழுந்து எதிரியைத் துவைத்துக் காயப்போடுவாள். "அநியாயம்டா" என்று பையன்கள் அலறுவார்கள்.

அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாபின் மகன் மஹ்பூஸ் கானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். 1746 அக்டோபரில் அவரிடம் பத்தாயிரம் பேர். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அனுப்பிய தளபதி பராதியிடம், சிப்பாய்களையும் சேர்த்துச் சுமார் ஆயிரம். பராதியிடம் இருந்தது ஒரே ஒரு காம்போ: வரிசையாக நில், சேர்ந்தாற்போல் சுடு, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய். பத்தாயிரம் பேரும் ஓட்டம்.

சொந்த அணிதான் தொல்லை. ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா புர்தோனே, பணம் வாங்கிக்கொண்டு ஊரை அவர்களிடமே திருப்பித் தரலாம் என்றார். கூடவே கூடாது என்றார் டூப்ளே. இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது புயல் வந்து கப்பல்களை நொறுக்கியது. பிரான்சுக்குத் திரும்பிய லா புர்தோனேயை பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். இத்தனை கூத்தையும் பக்கத்திலிருந்து பார்த்து, தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார் ஆனந்தரங்கப் பிள்ளை. கொடுத்து வைத்தவர்.

இந்த ஆட்டத்தின் விதிகளை மாற்றும் உரிமை ஐரோப்பாவில் இருந்தது. 1748இல் உடன்படிக்கை என்று ஓர் அப்டேட் வந்தது: சென்னை ஆங்கிலேயருக்கே, பதிலுக்கு பிரான்சுக்கு வட அமெரிக்காவின் லூயிபூர்க். இங்கே ஜெயித்தவனைக் கேட்டார்களா? கேட்டிருந்தாலும் கடிதம் கப்பலேறி வரப் பல மாதம்.

அதற்குள் ஆங்கிலேய எதிராளி பராதியின் காம்போவைக் கற்றுக்கொண்டான். வீட்டா ஆட்டத்தில் ஃபீனிக்ஸ் ரைட் என்று ஒரு வக்கீலும் உண்டு. சாட்சியம் பொறுக்கியே சண்டை போடுவார், பாவம். ஆங்கிலேயக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கிளைவும் அந்த ரகம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவரோ 1751இல் சுமார் ஐந்நூறு பேரோடு ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையையும் தாங்கினார்.

இப்போது பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்? டூப்ளேக்கு இன்னும் பலம் கூட்ட வேண்டும். அவர்கள் 1754இல் அவரையே ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். கைக்காசைப் போட்டுச் சண்டை நடத்திய மனிதர், அதைப் பிரெஞ்சுக் கம்பெனியிடம் கேட்டுக் கேட்டே 1763இல் கடனாளியாகச் செத்தார். 1870இல் புதுச்சேரியில் சிலை வைத்தார்கள். சிலைக்குச் சம்பளம் கிடையாது அல்லவா!

பின்னால் சண்டை நடத்த வந்தவர் லாலி. வீரர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. 1760இல் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரியையும் ஒப்படைத்தார். பிள்ளை அதற்குச் சில நாள் முன்பே கண்ணை மூடிவிட்டார். ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். பாரிஸ் தன் பங்குக்கு 1766இல் லாலியின் தலையை வெட்டியது. கேரக்டரை டெலிட் செய்வது என்றால் இதுதான்.

புதுச்சேரி மட்டும் விழுந்து விழுந்து எழுந்தது. 1778இல் போய் வந்தது, 1793இல் மறுபடியும் போனது. ஒவ்வொரு முறை எழும்போதும் மீட்டர் காலி. 1816இல் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தபோது நிபந்தனை வேறு: கோட்டை கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்கு வேண்டிய ஆள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சரி என்று வாங்கிக்கொண்டார்கள். புதுச்சேரி போலீஸ் பிரெஞ்சுக்காரர்களின் சிவப்பு கெப்பித் தொப்பியை இன்றைக்கும் கழற்றவில்லை.