ரெண்டாம் தடவ கிளிப்பு மாட்டப் போற மருமகனுக்கு

வாரும் மருமகனே, திண்ணையில உக்காரும். ஒதட்ட மூடிக்கிட்டே சிரிக்கீரு பாத்தீரா, அப்பவே தெரிஞ்சு போச்சு. முப்பத்திமூணு வயசுல மறுபடியும் பல்லுக்குக் கிளிப்பு மாட்டப் போறீராம்ல? மகளுக்குக் காது குத்துற வருசத்துல தகப்பன் வாயில கம்பி கட்டிக்கிட்டு நிக்கான்னு ஒங்கம்மா ஒட்டப்பிடாரம் சந்தை பூராவும் சொல்லியாச்சு. நான்தான் கடைசியாக் கேட்டவன்.

வெக்கப்படாண்டாம். வயசானா பல்லு நகராதுன்னு ஊர்ல சொல்லுதது வெறும் கத. எம் பேத்தி மெட்ராஸ்ல, 1953-ல ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரியில படிக்கா. அவகிட்டக் கேட்டேன். கம்பி ஒரு பல்லத் தள்ளுச்சுன்னா, தள்ளுற பக்கம் எலும்பு கரையுமாம், விட்டுட்டு வார பக்கம் புது எலும்பு ஊறுமாம். பதினஞ்சு வயசுல நடக்கிறதுதான் அம்பது வயசுலயும் நடக்கும், கொஞ்சம் மெதுவா. ஒரே ஒரு நிபந்தன: ஈறும் எலும்பும் நல்லா இருக்கணும். ஈறுல சீழும் ரத்தமுமா வச்சுக்கிட்டுக் கம்பி கட்டுனா, கோணப்பல்லு நேராகுறதுக்கு முந்தி கழண்டு கையில வந்துரும். நீரு வேற அந்த ஹான்ஸ் பொகையிலப் பொட்டலத்த ஒதட்டுக்குள்ள அதக்குற ஆளு. மொதல்ல அத விடும், போயி பல்லக் கிளீன் பண்ணும், ஈறச் சரி பண்ணும். கம்பி எங்கயும் ஓடிப் போகாது.

சரி, மொத தடவ என்னாச்சுன்னு நானே சொல்லட்டுமா? ப்ளஸ் ஒன் படிக்கையில ஒங்கப்பன் பருத்தி போட்ட காச முழுசா முழுங்கிட்டு ரெண்டு வருசம் கம்பி கட்டுனீரு. மாசத்துக்கு ஒருக்கா கோயில்பட்டிக்கு பஸ்ஸேறி முறுக்கிட்டு வந்தீரு. அவுத்தப்பறம் முத்துக் கோத்தமாதிரி இருந்துச்சு, இல்லங்கல. "ராத்திரி மாட்டிக்கோ"ன்னு டாக்டரு ஒரு ரீட்டெய்னரு குடுத்தாருல்லா? செவப்புக் கலர்ல, அண்ணத்துல ஒட்டுற பிளாஸ்டிக்கு, முன்னால ஒரு கம்பி வளையம். எட்டயபுரத்துக் கல்யாணத்துல பந்தியில உக்காந்து, அதக் கழட்டி, ஒரு காயிதத்துல பொதிஞ்சு, எலைக்கு அடியில வச்சீரு. சாப்பிட்டு எலைய மடக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டீரு. எச்சிலெலக் குப்பையில கைய விட்டுத் தேடுனது ஒங்கம்மா. நீரு பீடாக் கடையில நின்னீரு. புதுசு செய்யச் சொன்னதுக்கு, "அதான் பல்லு நேராயிட்டே, இனி எதுக்கு"ன்னு கேட்டீரா இல்லையா?

இப்ப என்ன சொல்லுதீரு? கடைசியா மொளச்ச கடவாப்பல்லு முன்பல்லத் தள்ளிட்டுங்கீரு. பாவம், அது மேல ஏம்வே பழி போடுதீரு? அதப் புடுங்குனவனுக்கும் முன்பல்லு நெருங்குது, புடுங்காதவனுக்கும் நெருங்குது. கிளிப்பே மாட்டாத எனக்கே நாப்பது வயசுக்கு மேல கீழ்வரிச நெருங்கிப் போச்சு. கம்பியால நகத்துன பல்லுக்கு இன்னும் மோசம். ஈறுல இருக்கிற நாரெல்லாம் இழுபட்டு நிக்கும். அது புது எடத்துக்குப் பழகவே வருசம் ஆகும். அதுவரைக்கும் பழைய எடத்துக்கே இழுத்துக்கிட்டுக் கெடக்கும். அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆளுக 1981-லயே பாத்து எழுதிட்டாங்களாம். நாலு பல்லப் புடுங்கி, கம்பி கட்டி, ஒழுங்கா முடிச்ச 65 பேர, ரீட்டெய்னர விட்டு பத்து வருசத்துக்கு மேல ஆனப்பறம் கூப்பிட்டுப் பாத்திருக்காங்க. மூணுல ரெண்டு பேருக்குக் கீழ்வரிச மறுபடி கோணல். அது டாக்டரு செஞ்ச குத்தமும் இல்ல, கம்பி செஞ்ச குத்தமும் இல்ல. ஒம்ம வாயில கட்டப் போற நிக்கல்-டைட்டானியம் கம்பியோட உலோகக் கலவைய அமெரிக்கக் கப்பற்படை ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சிருக்கான். எப்படி வளைச்சு விட்டாலும் பழைய உருவத்துக்குத் திரும்பிரும். அந்தப் புத்தி கம்பிக்கு மட்டுந்தான்னு நெனச்சீரு, பல்லுக்கும் உண்டு.

நம்மூருப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையவே பாருமேன். 1799-ல கட்டபொம்மனக் கயத்தாத்துல தூக்குல போட்டுட்டு, கோட்டைய இடிச்சுத் தரமட்டமாக்கிட்டான் கம்பெனிக்காரன். 1801 பிப்ரவரியில அவரு தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் செறையில இருந்து தப்பி வந்து, கொஞ்ச நாளைக்குள்ள திரும்பக் கட்டிட்டாரு. கட்டுனது பெருசில்ல மருமகனே. மார்ச்சுல வந்த பட்டாளத்த வெரட்டி, மே மாசம் 24 வரைக்கும் காத்து நின்னாங்க பாரும், அதுதான் பெருசு. அம்புட்டுக் காவல் இருந்தும் விழுந்த கோட்ட அது. நீரு காவலே போடல. இப்ப நாம டிக்கெட் வாங்கிப் பாக்கிற கோட்ட 1974-ல கவர்மெண்டு கட்டுனது. ஆக, ரெண்டாம் தடவ கட்டுறதுல இந்த ஊர்க்காரனுக்கு ஒரு கொறச்சலும் இல்ல.

கம்பி வெளிய தெரிஞ்சா ஆபீசுல சிரிப்பாங்கன்னு அந்தக் கண்ணாடிமாதிரி ஒறையத் தேடுதீராம். அலைனராம். நல்லதுதான், வெலையும் கூடத்தான். ஆனா ஒரு நாளைக்கு இருவது, இருவத்திரெண்டு மணிநேரம் வாயில கெடக்கணும். தண்ணி தவிர எது குடிச்சாலும் கழட்டணும். நீரு மணிக்கொரு டீ குடிக்கிற ஆளு. கழட்டி, கொப்புளிச்சு, மாட்டிக்கிறதுக்குள்ள அடுத்த டீ வந்துரும். அதவிட, டாக்டரு மொகத்தவே பாக்காம தபால்ல வரவழைக்கிறதுக்கு ஆசப்படாதீரும். அமெரிக்காவுல ஸ்மைல்டைரக்ட்கிளப்புன்னு ஒரு பெரிய கம்பெனி இப்படித்தான் வித்துச்சு. 2023 டிசம்பர்ல பூட்டிட்டுப் போயிட்டான். பாதிப்பல்லு நகந்த சனமெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பாக்காம பல்ல நகத்துறவங்கிட்ட வாயக் குடுக்காதீரும்.

கம்பின்னே முடிவு பண்ணீருன்னா, கோயில்பட்டிக் கடல மிட்டாய ரெண்டு வருசத்துக்கு மறந்துரும். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், கருப்பட்டிப் பாகோ வெல்லப் பாகோ, எதுன்னாலும் பல்லுல ஒட்டிருக்கிற பிராக்கெட்டப் பேத்துக்கிட்டு வந்துரும். முறுக்கும் ஆகாது. ஆடிக் கொடைக்கு வந்தீருன்னா எலும்பக் கடிக்காம கறிய மட்டும் பிச்சுத் திங்கணும். ஒம்ம பங்கு எலும்ப நான் பாத்துக்கிடுதேன், அதப் பத்திக் கவலப்படாண்டாம்.

இன்னொண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீரும். எங்க, ஈன்னு காட்டும். கீழ ஒரு பல்லு லேசாத் திரும்பி நிக்கு, அம்புட்டுத்தான? அதுக்கா இம்புட்டு? ஒம்ம பெஞ்சாதிகிட்டக் கேட்டேன், அப்படி ஒரு பல்லு இருக்கிறதே தெரியாதுங்கா. கடிக்கையில பல்லு ஈறுல குத்துது, இடுக்குல பிரஷ் போகல, ஒரு பல்லு தேயுதுன்னா நாளைக்கே போயி மாட்டும், நானே பஸ் சார்ஜு தாரேன். செல்போன்ல மொகத்தக் கிட்ட வச்சுப் பாத்துப் பாத்து வந்த கவலைன்னா, அந்தக் காசுல ரெண்டு வெள்ளாடு வாங்கும். வருசத்துக்கு நாலு குட்டி போடும்.

இல்ல மாமா, கட்டியே தீருவேங்கீரா? சந்தோசம். அப்ப டாக்டருகிட்டப் போனதும் கம்பி வெலையக் கேக்காதீரும். அவுத்தப்பறம் என்ன மாட்டணும், எத்தன வருசத்துக்குங்கிறத மொதல்ல கேளும். "ராத்திரி ராத்திரி, ஆயுசுக்கும்"னு சொன்னாருன்னா அவரு நெசத்தச் சொல்லுதாரு, அவருகிட்டயே கட்டும். கீழ்ப்பல்லுக்குப் பின்னால மெல்லிசாக் கம்பி ஒட்டி விடுவாங்களாம், அதையும் கேட்டு வாங்கும். ரீட்டெய்னர வெந்நீர்ல கழுவாதீரும், கோணிப் போகும். ரெண்டு செட்டாச் செஞ்சு, ஒண்ண ஒம்ம பெஞ்சாதிகிட்டக் குடுத்து வையும். பந்திக்குப் போகையில டப்பா சட்டப்பையில இருக்கட்டும். டப்பா கொண்டு போக மறந்துட்டா, எங் கையில குடுத்துட்டு எலையில உக்காரும்.