ஒரிஜினல் ஐயா

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பழைய மோட்டர் சைக்கிள் இருந்தால், அவர் அதை ஓட்டுவதில்லை; பரிபாலனம் செய்கிறார். நல்லதண்ணி, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் போனால் தோட்டத்துக்கு ஒருவராவது இப்படி அகப்படுவார். பெற்றோர் வைத்த பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் ‘ஒரிஜினல் ஐயா’.

வண்டி ஹொண்டா சி.டி. 125. ஸ்ரீ நம்பர். 1958இல் நம்பர் பிளேட்டில் இருந்த அந்த ஒற்றைச் சிங்கள எழுத்தை அழிக்கத் தார் வாளியோடு கிளம்பினார்கள் தமிழர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று, “ஸ்ரீ நம்பர்னா விலை கூட” என்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது அரசாங்கம். 2025 வரை நீண்ட அந்தத் தடையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டிகள்கூடச் சாக்கை உதறிவிட்டு ‘விண்டேஜ்’ ஆகிவிட்டன. சிவனொளிபாதமலை சீசனுக்கு வரும் கொழும்புப் பொடியன்கள் ஐயாவின் வண்டியைச் சுற்றி வந்து, “அங்கிள், குடுப்பீங்களா?” என்று கேட்பார்கள். “இது விக்கிற சாமான் இல்ல தம்பி” என்பார். சொல்லிவிட்டு, எவ்வளவு தருவார்கள் என்பதையும் விவரமாகக் கேட்டுக்கொள்வார்.

ஐயாவை அடையாளம் காண முகம் தேவையில்லை, சத்தம் போதும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. சுவிச்சுக்கு ஒன்று, ஹேண்டில் லொக்குக்கு ஒன்று, பெற்றோல் டேங்க் மூடிக்கு ஒன்று, சைட் கவருக்கு ஒன்று. ஐந்தாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆனாலும் எறிய மாட்டார். “ஜப்பான் சாவி” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

ஒரு வண்டிக்கு இத்தனை சாவி எப்படி முளைத்தது? பாதி மழையால், மீதி அரசியலால். வெசாக்கோடு சீசன் முடியும். பின்னாலேயே தென்மேற்குப் பருவமழை வந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பும். அதில் ஒரு பங்கு ஐயாவின் சுவிச்சுக்குள்ளும் போகும். உள்ளேயிருக்கும் பித்தளைக்குப் பச்சைக் களிம்பு பிடிக்க, ஒரு காலத்தில் அவசரத்துக்குக் கிடைத்த சுவிச்சைப் போட்டார்கள். அதோடு ஒரு சாவி. 2022இல் கியூ.ஆர். காட்டி, வாரத்துக்கு 4 லீட்டர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வண்டியைவிட டேங்க்தான் பெறுமதியாகிவிட்டது. குழாய் விட்டு உறிஞ்சுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே கடையில் கிடைத்த சீனத்து மூடியை வாங்கிப் பூட்டினார். அதோடு இன்னொரு சாவி.

இவ்வளவு சாவி இருந்தும் பூட்டு மட்டும் பூட்டாக இல்லை. சுவிச் தேய்ந்து, ஓடும்போதே சாவியைத் தனியாக உருவலாம் என்ற நிலை. குழியில் விழுந்தால் உருவவே வேண்டாம். தானாகக் கழன்று வீதியில் குதித்துவிடும். வண்டி அதைப் பற்றிக் கவலைப்படாமல் மஸ்கெலியா வரைக்கும் ஓடும். அங்கே போய் நிறுத்துவதுதான் கஷ்டம். மேல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளச்சைச் சட்டென்று விட்டால் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். பஸ் ஸ்டாண்டில் இருப்பவர்கள் அதை ஐயாவின் வணக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கராஜ் பாஸ் ஒரு நாள் நல்ல மனதோடு யோசனை சொன்னார்.

“ஐயா, லைட் போடுற மாதிரி ஒரு தட்டுச் சுவிச் போட்ருவோமே. சாவியே தேவல்ல.”

ஐயா ஒரு வாரம் அந்தக் கராஜ் பக்கம் போகவில்லை.

பிறகு கொழும்புக்கு பஸ் ஏறினார். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பழைய சாமான் உலகத்தில் இல்லை என்பது இலங்கை முழுவதற்கும் பொதுவான மதம். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “ஜப்பானா, இந்தியாவா, சைனாவா?” ஐயா பதிலுக்குக் கேட்டவை ஏராளம். சுவிச்சை வெளிச்சத்தில் பிடித்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தேயிலையின் தரத்தை மூக்கால் பிரித்த மனிதர். இரும்பை மட்டும் விடுவாரா? கடைசியில் ஹொண்டா சாவி நுழையும் சுவிச் ஒன்றும், பழைய வண்டியில் கழற்றிய டேங்க் மூடி ஒன்றும் வாங்கி வந்தார். இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. கொத்து இப்போது ஏழு.

“எல்லாத்துக்கும் ஒரே சாவி வேணும், தம்பி. ஜப்பான்காரன் அப்படித்தான் குடுத்தான்.”

பாஸ் பெருமூச்சு விட்டு, தரையில் ஒரு பத்திரிகையை விரித்தார். சாவி நுழையும் உருளையை வெளியே எடுத்தார். அதில் வரிசையாகச் சிறு பித்தளைத் தகடுகள்; ஒவ்வொன்றின் கீழும் தலைமுடி போல ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் தகடுகளெல்லாம் உருளையோடு மட்டமாகிவிடும், உருளை சுழலும். ஒரு தகடு துருத்தினாலும் அசையாது. ஆகவே பூட்டை மாற்ற வேண்டியதில்லை. எந்தச் சாவி வேண்டுமோ அதற்குத் தக்கபடி தகடுகளை இடம் மாற்றினால் போதும்.

எந்தச் சாவி என்பதில்தான் சிக்கல். தேய்ந்த சாவிக்கு நகல் வெட்டினால் தேய்மானமும் நகலாகும். பாஸ் கொத்தை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதற்கென்று தெரியாத ஐந்தாவதில் பல் எல்லாம் கூர்மையாக இருந்தது. தலையில் இலக்கமும் அழியவில்லை. ஹேண்டில் லொக்கில் விட்டார். வெண்ணெயாகத் திரும்பியது. சைட் கவரும் திறந்தது. ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்த இரண்டாவது சாவி அதுதான்; இத்தனை வருடமும் வேலையில்லாமல் இடுப்பில் ஊர் சுற்றியிருக்கிறது. ஐயா பாஸைப் பார்த்த பார்வையில் ஒரு தீர்ப்பு இருந்தது.

புதிய சுவிச்சின் தகடுகளும் மூடியின் தகடுகளும் பத்திரிகை மேல் கலந்து கிடந்தன. ஒரு ஸ்பிரிங் தெறித்து டயர் குவியலுக்குள் போக, டோர்ச் அடித்துத் தேடியவர் ஐயா. பூட்டுக்குள் எண்ணெய் விடவும் அவர் சம்மதிக்கவில்லை. எண்ணெய் தூசியைச் சேர்க்குமாம். பேரனின் பென்சிலைப் பிடுங்கிக் கரியைச் சுரண்டிப் போட்டார். அதற்குள் பாஸ் சோதித்துப் பார்க்கவென்று சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் வெறும் விரலால் சேர்த்து உதைக்க, வண்டி ஜோராகக் கிளம்பியது. ஒரு தங்கச்சாவி செய்கிற வேலை மொத்தமும் அவ்வளவுதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஐயா மட்டும் அந்நேரம் பார்த்து மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையில் அந்த வண்டியைத் திருட ஆள் பிறக்க வேண்டும். சோக்கை அரைவாசி இழுத்து, இடப்பக்கம் ஒரு முறை சரித்து நிமிர்த்தி, பற்றரி கவரில் ஒரு தட்டுத் தட்டி, மூன்றாவது உதையில் மூச்சைப் பிடிக்க வேண்டும். கள்ளன் இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். பிறகு ஏன் பூட்டு என்று கேட்கிறவனுக்குத் தோட்டம் தெரியாது. ஸ்டோர் கதவு, தூள் அறை, சாமான் அறை என்று அத்தனை சாவியையும் முப்பது வருடம் இடுப்பில் சுமந்தவர் ஐயா. அவர் வரும் சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். பென்ஷன் நாளில் கொத்தைத் துரையின் மேசையில் வைத்துவிட்டு வெறும் இடுப்போடு திரும்பியவர், அடுத்த வாரமே இந்த ஹொண்டாவை வாங்கினார் என்பது ஊர்க்கணக்கு.

இப்போது நான்கு பூட்டுக்கும் ஒரே சாவி. கொத்தின் சத்தம் போய்விட்டது. அதை ஈடுகட்ட ஐயா கொஞ்சம் உரக்கப் பேசுகிறார். தேநீர்க் கடையில் எல்லோருக்கும் சாவியைக் காட்டினார். பாஸ்தான் கேட்டார்:

“சரி ஐயா, இது தொலைஞ்சா? அந்தப் பழைய தேஞ்ச சாவிய ஸ்பெயாருக்கு வெச்சிருக்கீங்கதானே?”

“வெக்காம? சைட் கவருக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன்.”

“அதத் தொறக்க?”

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தன வாட்டி சொல்றது? எல்லாத்துக்கும் ஒரே சாவிதான்!”